முழு சூரிய கிரகணத்தைப் படம் பிடிக்கையில் வரும் கோளாறுகள்: அறிகுறியும் தீர்வும்

2024 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு புல்வெளியின் ஓரமாக ட்ரைபாடை ஊன்றி நின்றிருந்தேன். அங்கே முழு மறைப்பு ஏறத்தாழ நான்கு நிமிடம். அதில் முதல் இருபது நொடியை லென்ஸில் இறுகிப்போன சூரிய ஃபில்டரைக் கழற்றுவதிலேயே இழந்தேன். வைர மோதிரம், அதாவது சூரியன் மறையும் கடைசிக் கணத்தில் ஒரு புள்ளியில் மின்னும் ஒளி, போயிற்று. ஃபில்டரை இழுத்த வேகத்தில் ஃபோகஸ் வளையமும் நகர்ந்துவிட்டது. அதைக் கவனிக்க இன்னும் சில நொடி. வீட்டில் ஒரு பத்து தடவை கழற்றி மாட்டிப் பார்த்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். கிரகணத்தன்று வரும் கோளாறுகள் இரண்டு வகை. பகுதி மறைப்பு நடக்கும்போது வருபவற்றை நிதானமாகப் பார்த்துச் சரிசெய்யலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. முழு மறைப்பின்போது வருபவற்றுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு பத்து நொடி. பத்து நொடிக்குள் சரியாகவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு, கிடைக்கிற படத்தை எடுங்கள், நிமிர்ந்து வானத்தைப் பாருங்கள். திரையைப் பார்த்தே முழு மறைப்பைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கீழே வரும் எண்களெல்லாம் 400 முதல் 600 மி.மீ. லென்ஸ், எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (சென்சாரின் உணர்திறன்) என்ற கணக்கில். சூரியனின் பிம்பம் சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்று தெரிய, லென்ஸின் குவியத் தூரத்தை 109-ஆல் வகுத்தால் போதும். 500 மி.மீ. லென்ஸில் சுமார் 4.6 மி.மீ. வரும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால் சுற்றிலும் கொரோனா (முழு மறைப்பில் சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம்) விரிய நல்ல இடம் கிடைக்கும். இதைவிட நீளமான லென்ஸுக்கு ஆசைப்பட்டால் கொரோனாவின் நுனிகள் வெட்டுப்படும்.

கண் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஃபில்டர் எப்போதும் லென்ஸின் முன்பக்கம்தான். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஃபில்டர் இல்லாத லென்ஸ் வழியே வியூஃபைண்டரில் பார்த்தால் கண் போய்விடும். லென்ஸ் குவித்துத் தரும் வெயிலை அந்தக் கண்ணாடி தாங்காது. வெறும் கண்ணால் பார்க்கலாம் என்பது சூரியன் முழுதாக மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடத்துக்கு மட்டும்.

திரை முழுக்க வெள்ளை, அல்லது முழுக்கக் கறுப்பு

வெள்ளையாக இருந்தால் முதலில் ஃபில்டரின் அடர்த்தியைப் பாருங்கள். சூரியப் படலம் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. 5.0 என்பது ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும். கண்ணுக்கும் கேமராவுக்கும் ஆகும். 3.8 என்பது கேமராவுக்கு மட்டும். அதைவிடச் சுமார் 16 மடங்கு வெளிச்சத்தை விடும். 5.0 படலத்தில் 1/400 நொடி சரியாக இருந்தால், 3.8 படலத்தில் 1/6400 வேண்டும். நண்பரிடம் இரவல் வாங்கிய ஃபில்டரில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். அடர்த்தி தெரியாத ஃபில்டர் என்றால் வியூஃபைண்டரில் கண் வைக்காமல், திரையில் மட்டும் பாருங்கள்.

கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் சூரியன் சட்டத்திலேயே (ஃபிரேமிலேயே) இல்லை. ஃபில்டர் போட்ட 500 மி.மீ. லென்ஸில் சூரியனைத் தேடுவது இருட்டறையில் சாவித்துவாரத்தைத் தேடுவது மாதிரி. அண்ணாந்து தேட வேண்டாம், தரையைப் பாருங்கள். லென்ஸின் நிழல் நீளமாக விழுந்தால் அது வேறெங்கோ பார்க்கிறது. நிழல் சுருங்கிச் சுருங்கி லென்ஸின் வட்ட அளவுக்கு வந்ததும் சூரியன் திரைக்குள் வந்துவிடும்.

இன்னொன்று: பிறை மெலிந்துகொண்டே வரும்போது படம் கொஞ்சம் இருட்டும். இது கோளாறு இல்லை. சூரியனின் விளிம்பு நடுப்பகுதியைவிட மங்கலானது; கடைசியில் மிஞ்சுவது விளிம்பு மட்டும்தான். ஷட்டரை ஒரு படி (அதாவது இரு மடங்கு நேரம்) மெதுவாக்கினால் சரியாகிவிடும்.

விளிம்பு கூர்மையாக இல்லை

கிரகணப் படங்களில் அதிகம் கெடுவது ஃபோகஸ்தான். அதற்குக் காரணம் ஒன்றல்ல, நாலைந்து. எது உங்களுடையது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

லைவ் வியூவை (பின் திரையில் தெரியும் நேரடிக் காட்சி) பத்து மடங்கு பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள். விளிம்பு கொதிக்கும் தண்ணீர் போல நெளிந்துகொண்டே இருக்கிறது, ஒரு கணம் கூர்மையாகி அடுத்த கணம் கலங்குகிறது என்றால் அது காற்று. ஃபோகஸில் தப்பில்லை. தார்ச்சாலை, கார் கூரை, கான்கிரீட் தளம் இவற்றின் மேலாகப் பார்த்தால் இப்படி ஆகும். புல்லுக்கு மாறுங்கள். சூரியன் அடிவானத்துக்கு அருகில் இருக்கும் கிரகணங்களில், ஸ்பெயினில் 2026 ஆகஸ்ட் 12 மாலை போல, இந்தக் கலங்கலை முழுதாகத் தவிர்க்க வழியில்லை. நிறைய படம் எடுத்துத் தெளிந்த கணங்களைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

விளிம்பு அசையாமல், ஆனால் மெத்தென்று இருந்தால் ஃபோகஸ் தப்பு. லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். இப்போதைய லென்ஸ்களில் வளையம் அந்தக் குறியைத் தாண்டியும் சுற்றும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, சூரியப் புள்ளி ஏதாவது இருந்தால் அதை வைத்து, இல்லாவிட்டால் பிறையின் இரண்டு கொம்பு முனைகளை வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். கொம்பு முனை ஊசி போல ஆக வேண்டும். வளையத்தை அந்த இடத்தைத் தாண்டிச் சுற்றி, திரும்பி வந்து, மறுபடி தாண்டி, நடுவில் நிறுத்துங்கள். ஒரே பக்கமாக மெதுவாகச் சுற்றி "போதும்" என்று நிறுத்தினால் பெரும்பாலும் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுவோம்.

காலையில் சரியாக இருந்தது, முழு மறைப்பு நெருங்கும்போது மெத்தென்று ஆகிவிட்டது என்றால் வெப்பநிலை. வெயிலில் சூடேறியிருந்த லென்ஸ், சூரியன் மறைய மறையக் குளிர்கிறது. உலோகமும் கண்ணாடியும் சுருங்க, ஃபோகஸ் நகர்கிறது. ஆகவே முழு மறைப்புக்குப் பத்து நிமிடம் முன்பு ஒருமுறை கட்டாயம் பார்த்துத் திருத்துங்கள். திருத்தியதும் வளையத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் ஜூம் வளையத்துக்கும் ஒரு துண்டு.

ஃபில்டர் கழற்றியதும் கெட்டது என்றால் என் கதைதான்: கை பட்டு வளையம் நகர்ந்திருக்கிறது. டேப் இருந்தால் நகராது. கண்ணாடி ஃபில்டர்களில் வேறொரு காரணமும் உண்டு. சில மலிவான கண்ணாடிகள் தாமே ஃபோகஸைச் சற்று மாற்றும். கழற்றினால் பழைய இடம் தப்பாகிவிடும். முந்தைய இரவே ஃபில்டர் இல்லாமல் ஒரு நட்சத்திரத்தில் ஃபோகஸ் செய்து, மறுநாள் ஃபில்டரோடு சூரியனில் வரும் இடத்தோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். மெல்லிய படலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அது கொஞ்சம் சுருங்கித் தொளதொளவென்று இருந்தாலும் பரவாயில்லை, இழுத்துக் கட்டக் கூடாது. ஓட்டை மட்டும் இருக்கக் கூடாது. பிரகாசமான விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஊசித்துளி அளவு வெளிச்சம் வந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

முழு மறைப்பின் நடுவில் மங்கலைக் கண்டால் பத்து நொடியில் செய்யக்கூடியது: லைவ் வியூவைப் பெரிதாக்கி, நிலாவின் கறுப்பு விளிம்பையோ சூரிய விளிம்பில் எழும் இளஞ்சிவப்பு வாயுப் பிழம்பையோ பார்த்து ஒரே தடவை திருத்துவது. ஆட்டோ ஃபோகஸ் பொத்தானைத் தொடாதீர்கள். அது முன்னும் பின்னும் அலைந்து உள்ளதையும் கெடுத்துவிடும்.

சூரியனில் கரும்புள்ளி, பக்கத்தில் இன்னொரு பிறை

புள்ளி சூரியப் புள்ளியா, தூசியா? கேமராவைச் சற்று நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள். சூரியனோடு சேர்ந்து நகர்ந்தால் அது நிஜம். சட்டத்தில் அதே இடத்தில் நின்றால் சென்சார் தூசி. எஃப் 16-க்கு மூடினால் தூசி இன்னும் பளிச்சென்று தெரியும். எஃப் 8-ல் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது.

பக்கத்தில் மங்கலாக இன்னொரு பிறை, அதுவும் தலைகீழாகத் தெரிந்தால், ஏதோ இரண்டு கண்ணாடிப் பரப்புக்கு நடுவில் ஒளி எதிரொளித்து வருகிறது. லென்ஸைப் பாதுகாக்க நிரந்தரமாக மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். அப்புறமும் இருந்தால் சூரியனைச் சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பேய்ப்பிம்பம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

நிறம் படத்துக்குப் படம் மாறுகிறது என்றால் வெள்ளைச் சமநிலை ஆட்டோவில் இருக்கிறது. பகல் வெளிச்சம் என்பதில் பூட்டிவிடுங்கள். சில ஃபில்டர்களில் சூரியன் ஆரஞ்சாகவும் சிலவற்றில் வெள்ளையாகவும் வருவது அந்தப் பொருளின் இயல்பு. ரா கோப்பில் (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலத் தரவு) எடுத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

சூரியன் சட்டத்தை விட்டு ஓடுகிறது

பூமி சுழல்வதால் சூரியன் தன் விட்டத்தின் அளவை ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் கடக்கிறது. நான்கு நிமிட முழு மறைப்பில் இரண்டு சூரியன் அகலம் நகரும். 500 மி.மீ. லென்ஸில் இது பிரச்சினையே இல்லை. ஐந்து நிமிடம் முன்பு சூரியன் எந்தப் பக்கமாக நகர்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி வைத்துவிடுங்கள். மறைப்பின் பாதியில் அது தானாக நடுவுக்கு வரும், நீங்கள் தொடவே வேண்டாம்.

1000 மி.மீ. போல நீண்ட குழாய் என்றால் சூரியனைப் பின்தொடரும் மவுன்ட் (கேமராவைத் தாங்கித் திருப்பும் கருவி) இல்லாமல் சமாளிப்பது கடினம். மவுன்ட் இருந்தும் சூரியன் மெல்ல நழுவினால் மவுன்டின் அச்சு வானத்தின் துருவத்தைச் சரியாக நோக்கவில்லை. பகலில் துருவ நட்சத்திரம் தெரியாது. முந்தைய இரவே அதே இடத்தில் நிறுத்தித் தரையில் கால்களுக்குச் சுண்ணாம்புக் குறி போட்டுவிடுவது நல்லது. முடியாதபோது திசைகாட்டியும் ஊரின் அட்சரேகையும் போதும், சில நிமிடத்துக்குத் தாக்குப்பிடிக்கும். மவுன்ட் சூரிய வேகத்தில் ஓடுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

வைர மோதிரம் கிடைக்கவில்லை

என் இருபது நொடி இங்கேதான் போயிற்று. விரிவாகவே சொல்கிறேன்.

2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல் பக்கம் வளைய கிரகணத்தைப் படம் எடுத்திருந்தேன். வளைய கிரகணத்தில் சூரியன் ஒருபோதும் முழுதாக மறைவதில்லை. ஆரம்பம் முதல் கடைசி வரை ஃபில்டர் கழற்றவே கூடாது. கேரளத்தையும் மதுரையையும் தொட்டுச் செல்லப்போகும் 2031 மே 21 வளைய கிரகணத்துக்கும் இதே விதிதான். அந்தப் பழக்கத்தில், காற்றில் பறந்துவிடக் கூடாதென்று ஃபில்டரை இறுக்கமாகச் செய்துவைத்திருந்தேன். முழு கிரகணத்துக்கு அது தலைகீழ்த் தேவை: காற்றில் பறக்கவும் கூடாது, இரண்டு விரலால் தூக்கினால் வந்துவிடவும் வேண்டும். இப்போது நான் செய்வது: அட்டை வளையத்தைச் சற்றுத் தளர்வாக விட்டு, இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப்பை நாக்கு போல நீட்டி ஒட்டுகிறேன். நுனியை மடித்துவிட்டால் நகம் தேட வேண்டாம். அரை நிமிடம் முன்பு டேப்பை உரித்துவிடலாம், ஃபில்டர் தன் எடையில் நிற்கும். பிறகு ஒரு தூக்கு, முடிந்தது.

எப்போது கழற்றுவது? முழு மறைப்பு தொடங்க இருபது முப்பது நொடி இருக்கும்போது. அதற்கு மிக முன்னால் கழற்றினால் சென்சாரும் ஷட்டர் திரையும் வெயிலில் வேகும். தொடங்கிய பிறகு கழற்றினால் மோதிரம் போய்விடும். அந்த அரை நிமிடமும் உங்கள் கண்ணில் கிரகணக் கண்ணாடி இருக்க வேண்டும், வியூஃபைண்டரில் கண் இருக்கக் கூடாது. முடியும்போதும் இப்படித்தான்: மறுபக்கம் வைரம் வெடித்துக் கிளம்பியதும் நாலைந்து படம் எடுத்துவிட்டு ஃபில்டரைத் திரும்பப் போட்டுவிடுங்கள். தொடக்கத்தில் தவறவிட்டவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. நான் 2024-ல் மோதிரத்தைப் பிடித்தது இங்கேதான்.

நேரமே தவறிப்போனது என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ஊரின் பெயருக்குப் போட்டிருக்கும் நேரம் நீங்கள் நிற்கும் வயலுக்குப் பொருந்தாது. சில கிலோமீட்டர் விலகினாலே நொடிகள் மாறும். நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைக்குக் கணக்கிட்ட நேரத்தை எடுங்கள். நிலாவின் விளிம்பில் மலையும் பள்ளமும் இருப்பதால் அந்தக் கணக்கிலும் ஓரிரு நொடி முன்பின் ஆகலாம். ஆகவே கடிகாரம் சொல்வதற்குச் சற்று முன்பே தொடர்ச்சியாக எடுக்கத் தொடங்குங்கள்.

மோதிரம் விழுந்தது, ஆனால் வெறும் வெள்ளைப் பந்தாக இருக்கிறது என்றால் எக்ஸ்போஷர் அதிகம். பெய்லி மணிகள் (நிலா விளிம்பின் பள்ளங்கள் வழியே வரும் ஒளிப்புள்ளிகள்) தனித்தனியாகத் தெரிய 1/3200 வரை வேகம் வேண்டும். மோதிரம் போலப் பளீரென்று விரிய வேண்டுமானால் 1/250 பக்கம் வைக்கலாம். நான் மணிகளுக்கே முன்னுரிமை தருவேன். அந்த இரண்டு மூன்று நொடியில் விளிம்பில் கீற்றாகத் தெரியும் சிவப்பு நிறமண்டலமும் (சூரியனின் மெல்லிய மேலடுக்கு) கூடவே விழும்.

கொரோனா வெறும் வெள்ளைத் திட்டு, அல்லது ஒல்லியான வளையம்

எக்ஸ்போஷர் தப்பு என்று நினைத்துப் பதற வேண்டாம். எந்த ஒரு எக்ஸ்போஷரிலும் கொரோனா முழுதாக வராது. சூரியனை ஒட்டிய பகுதிக்கும் வெளிநுனிக்கும் வெளிச்சத்தில் ஆயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். கண் அதை ஒரே பார்வையில் தாங்கிக்கொள்கிறது, சென்சாரால் முடியாது. 1851 ஜூலை 28 அன்று கோனிக்ஸ்பெர்க் (இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராட்) நகரில் பெர்கோவ்ஸ்கி என்பவர் எடுத்ததுதான் முழு கிரகணத்தின் கொரோனாவைச் சரியாகப் பதிந்த முதல் படம். சிறிய தொலைநோக்கி, ஒரே டாகுரோடைப் தகடு (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுக்கும் பழைய முறை), 84 நொடி எக்ஸ்போஷர். நமக்கு அந்த நெருக்கடி இல்லை, அடுக்கடுக்காக எடுக்கலாம்.

எஃப் 8, ஐஎஸ்ஓ 100 கணக்கில்: இளஞ்சிவப்புப் பிழம்புகளுக்கு 1/800. நிலாவின் விளிம்பை ஒட்டிய உள் கொரோனாவுக்கு 1/200. சூரியனின் அரை ஆரம் தள்ளியிருக்கும் பகுதிக்கு 1/12. ஒரு முழு ஆரம் தள்ளி 1/3. அதற்கும் வெளியே நீளும் இழைகளுக்கு ஒரு நொடி அல்லது சற்று மேல். ஆக 1/1000, 1/250, 1/60, 1/15, 1/4, 1 நொடி என்று இரண்டு படி இடைவெளியில் ஆறு படம் எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். ஆறுக்கும் சேர்த்து ஒன்றரை நொடிக்குள் எக்ஸ்போஷர். இந்தச் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்.

அடுக்கு எக்ஸ்போஷர் போட்டும் ஆறு படமும் ஒரே வெளிச்சமாக வந்தால், பத்துக்கு எட்டு தடவை ஆட்டோ ஐஎஸ்ஓதான் காரணம். நீங்கள் ஷட்டரை வேகமாக்கினால் கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றி ஈடுகட்டிவிடும். இது முழு மறைப்பின் நடுவிலும் பத்து நொடியில் சரியாகிற கோளாறு: ஐஎஸ்ஓவைத் தொட்டு 100-க்கு வையுங்கள்.

ஒத்திகைக்குப் பௌர்ணமி நிலாவை விடப் பொருத்தமானது இல்லை. அளவு அதே அளவு. கொரோனாவின் மொத்த வெளிச்சமும் ஏறக்குறைய முழுநிலவின் அளவுதான். மொட்டை மாடியில் நிலாவைக் குறிவைத்து ஃபில்டர் கழற்றுவதிலிருந்து அடுக்கு முடிவது வரை இருட்டில், விளக்குப் போடாமல், நான்கு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பொத்தானைக் கை தடவித் தேடுகிறதோ அங்கே ஒரு சின்னத் துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். விரலுக்கே தெரியும்.

அழுத்தினால் கேமரா எடுக்க மறுக்கிறது

ஒரு நொடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு நொடி சும்மா நிற்கிறதா? நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கம் என்ற வசதி ஓடுகிறது. ஒவ்வொரு நீண்ட படத்துக்கும் அதே நீளத்தில் ஒரு கறுப்புப் படம் எடுத்துக் கழிக்கிறது. அணைத்துவிடுங்கள்.

படபடவென்று எடுத்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நின்றால் பஃபர் (கார்டில் எழுதும் முன் படங்களைத் தாங்கும் நினைவகம்) நிறைந்துவிட்டது. ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்து எழுதவிட்டால், அதுவும் மெதுவான கார்டில், இது சீக்கிரம் வரும். ரா மட்டும் போதும். அந்தக் கணத்தில் ஐந்தாறு நொடி விரலை எடுத்துவிடுங்கள், தானே மீளும்.

திரை இருண்டு கேமரா தூங்கிப்போயிருந்தால் தானியங்கி அணைப்பு. முன்பே நீக்கிவிடுங்கள். மறைப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்பு, பாதி இருந்தாலும், புது பேட்டரி, வெறும் கார்டு மாற்றிவிடுங்கள். ஃபிளாஷ் வெளியே எகிறினால் பக்கத்தில் இருப்பவர்களின் படமும் கெடும், இருட்டுக்குப் பழகிய கண்ணும் கெடும். அதையும் அணைத்துவைக்க வேண்டும்.

கோடுகள், இரட்டை விளிம்பு

ஒரு பிழம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா நீண்ட படங்களிலும் ஒரே திசையில் சற்று நீண்டிருந்தால் பூமி சுழற்சி. 500 மி.மீ. லென்ஸில் ஒரு நொடியில் சுமார் ஒன்பது பிக்சல் நகரும் (நான்கு மைக்ரான் பிக்சல் என்றால்). வெளிக் கொரோனா மங்கலான விஷயம் என்பதால் அங்கே இது அவ்வளவாக உறுத்தாது. உறுத்தினால் ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றி ஷட்டரைக் கால் நொடிக்குக் குறைத்துவிடலாம்.

இரண்டாகத் தெரிந்தால், அல்லது திசை படத்துக்குப் படம் மாறினால் அதிர்வு. 1/60-க்கும் அரை நொடிக்கும் நடுவில்தான் அது மோசமாகத் தெரியும். கண்ணாடி எகிறும் கேமராவில் லைவ் வியூவில் எடுங்கள், எலக்ட்ரானிக் முதல் திரை இருந்தால் போடுங்கள், கேபிள் ரிலீஸ் கட்டாயம். லென்ஸின் அதிர்வு நீக்கி ட்ரைபாடில் இருக்கும்போது தானே ஆடுவதுண்டு, அணைத்துவிடுங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டை ஏற்றாதீர்கள். காற்றடித்தால் அதில் பையைத் தொங்கவிட்டு, பை தரையை லேசாகத் தொடும்படி வையுங்கள். அந்தரத்தில் ஊசலாடினால் இன்னும் மோசம்.

லென்ஸ் ட்ரைபாடில் இடிக்கிறது

சூரியன் உச்சிக்கு அருகில் இருக்கும் கிரகணங்களில் இது வரும். 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் முழு மறைப்பு ஆறு நிமிடத்துக்கு மேல் நீடிக்கும், சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 82 பாகை உயரத்தில் இருக்கும். ஏறத்தாழ நேர் மேலே. சாதாரண பால் ஹெட் அந்தக் கோணத்தில் கனமான லென்ஸைத் தாங்காமல் பின்னால் சாயும், கேமராவின் அடிப்பாகம் ட்ரைபாட் காலில் முட்டும், திரையைப் பார்க்க மண்டியிட வேண்டிவரும். வீட்டிலேயே நேர் மேலே நிறுத்திப் பாருங்கள். பால் ஹெட்டின் பக்கப் பள்ளத்தில் சாய்த்து வைத்தால் பெரும்பாலும் கோணம் கிடைக்கும். திரும்பும் திரை உள்ள கேமரா இங்கே உயிர் காக்கும். ஜூம் லென்ஸ் தன் எடையாலேயே உள்ளே சரிந்து குவியத் தூரம் குறையும். மேலே சொன்ன டேப் இங்கேயும் வேலை செய்யும்.

லக்சரில் ஆகஸ்ட் நண்பகல் 40 டிகிரியைத் தொடும். கேமராவின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு, எடுக்காத நேரத்தில் அணைத்துவையுங்கள். வெப்ப எச்சரிக்கை வந்தபிறகு குளிரவைக்க அரை மணி நேரமாவது பிடிக்கும்.

மேகம்

2009 ஜூலை 22 அன்று பீகாரின் தாரேக்னாவில் பெருங்கூட்டம் திரண்டது, மேகம் மூடிவிட்டது. அன்றே வாரணாசியில் தெரிந்தது. காலையில் செயற்கைக்கோள் படம் பார்த்து, சாலை திறந்திருக்கும்போதே நகர முடிவெடுங்கள். கடைசி அரை மணியில் காரை எடுத்தால் முழு மறைப்பை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பார்ப்பீர்கள்.

மெல்லிய மேகம் என்றால் நிறுத்தாதீர்கள். அடுக்கை ஒரு படி மேலே தள்ளுங்கள். உள் கொரோனாவும் பிழம்பும் மேகத்தின் ஊடாகவும் வரும். தடித்த மேகம் என்றால் நீண்ட லென்ஸை மறந்துவிட்டு அகன்ற லென்ஸை எடுங்கள். நிலாவின் நிழல் மேகத்தின் அடியில் ஓடி வருவதும், நாலாபுறமும் அடிவானம் அந்திச் சிவப்பாக எரிவதும் அகன்ற சட்டத்தில் மிக அழகாக விழும்.

போனில் சூரியன் பெரிய வெள்ளைப் பந்தாக வருகிறது

போன் இருட்டான வானத்தைப் பார்த்து எக்ஸ்போஷரை ஏற்றிவிடுகிறது. கொரோனாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். நைட் மோடை அணையுங்கள். இதற்கு மேல் போனிடம் கேட்காதீர்கள். போனை ஐந்து நிமிடம் முன்பே ஒரு சின்ன ஸ்டாண்டில் வைத்து, கூட்டத்தையும் வானத்தையும் சேர்த்து வீடியோ ஓடவிடுங்கள், எக்ஸ்போஷரைப் பூட்டாமல். 2024-ல் என்னிடம் இருப்பதில் நான் அதிகம் திரும்பிப் பார்ப்பது அந்த வீடியோதான். பறவைச் சத்தம் அடங்குகிறது, யாரோ ஒரு குழந்தை "அம்மா, லைட் போயிடுச்சு" என்கிறது, அப்புறம் மைதானம் முழுக்க ஒரே கூச்சல்.

வீட்டுக்கு வந்து அடுக்கினால் இரண்டு விளிம்பு

பல எக்ஸ்போஷரை ஒன்றாகச் சேர்க்கும்போது கொரோனா கலங்கலாக வந்தால், நிலாவின் விளிம்பை வைத்துப் பொருத்தியிருக்கிறீர்கள். மென்பொருள் தானாகப் பொருத்தினாலும் இதையே செய்யும், படத்தில் மிகக் கூர்மையான கோடு அதுதானே. ஆனால் முழு மறைப்பின்போது நிலா சூரியனுக்குக் குறுக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் நடுவில் அது கணிசமாகத் தள்ளிப்போயிருக்கும். கொரோனா சூரியனோடு ஒட்டியது. எனவே பொருத்த வேண்டியது கொரோனாவின் இழைகளை, அல்லது சட்டத்தில் ஒரு நட்சத்திரம் விழுந்திருந்தால் அதை. அப்படிப் பொருத்தினால் நிலா இரட்டையாகத் தெரியும், ஆகவே அதை ஒரே ஒரு படத்திலிருந்து எடுத்துக் கடைசியில் நடுவில் வையுங்கள்.

சேர்த்த படம் தட்டையாக, இழைகளே தெரியாமல் இருந்தால் அது இயல்பு. ஒரு பிரதியைச் சூரியனின் மையத்தைச் சுற்றிச் சுழற்றி மங்கலாக்கி, அசலிலிருந்து கழித்தால் ஆரத் திசையில் ஓடும் இழைகள் எழுந்து வரும். செக் நாட்டின் பிர்னோவைச் சேர்ந்த கணிதவியலாளர் மிலோஸ்லாவ் ட்ருக்முல்லர் இந்த வேலையை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறார் என்று அவருடைய கொரோனாப் படங்களைப் பார்த்தால் புரியும். அவ்வளவு வேண்டாம் என்றாலும், கழித்த அடுக்கை மெலிதாக மட்டும் சேருங்கள். கூட்டினால் கொரோனா முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிடும்.

2024-ல் சூரியனின் கீழ் விளிம்பில் வெறும் கண்ணுக்கே தெரிந்த பெரிய இளஞ்சிவப்புப் பிழம்பு ஒன்று இருந்தது. நான் பொருத்தியது அதை வைத்துத்தான். 1/1000 படத்தில் அது கூர்மையாக இருந்தது, 1/60 வரை அடையாளம் தெரிந்தது. அதற்கு மெதுவான படங்களை ஒன்றோடொன்று இழைகளை வைத்துச் சங்கிலி போலக் கோத்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் பிடித்தது.